ஆப்பிரிக்கச் சுருள்முடியை நீளமாக வளர்ப்பது எப்படி: லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் கணவர் கானா நாட்டின் குமாசி நகரத்தைச் சேர்ந்தவர். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். எங்கள் மகளுக்கு அவருடைய முடி வாய்த்தது. பென்சில் முனையில் சுற்றியது போன்ற நெருக்கமான சுருள். முடிப் பொருள்கள் விற்கும் கடைகளில் 4பி, 4சி என்று வகைப்படுத்துகிற முடி. அவளுக்கு நான்கு வயதானது முதல் ஐந்தரை வயது வரை அந்த முடி ஒரு விரற்கடை கூட நீளவில்லை. தினமும் தேங்காய் எண்ணெய் வைத்தேன், தினமும் சீவினேன், என் அம்மா எனக்குச் செய்ததைப் போலவே இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டேன். இந்த முடி இவ்வளவுதான் வளரும் போலிருக்கிறது என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில், மாமியார் குமாசியிலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கினார். நான் சீவுவதை முதல் நாள் பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாம் நாள் என் கையிலிருந்து சீப்பை வாங்கி வைத்துவிட்டார்.

இன்று மகளுக்கு ஒன்பதரை வயது. உச்சியில் ஒரு கற்றையை மெல்ல இழுத்துப் பிடித்தால் 35 சென்டிமீட்டர் வருகிறது. திருமணத்தாலோ, தத்தெடுத்ததாலோ, வளர்ப்புப் பெற்றோராகப் பொறுப்பேற்றதாலோ ஒரு கறுப்பினக் குழந்தையின் முடியைப் பராமரிக்கும் வேலை கைக்கு வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் அனைத்தும் தெற்கு லண்டனில் நான் கொடுத்தவை.

1. முடி வளரவில்லையா, உடைகிறதா என்று பாருங்கள்

ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, சீவும்போது விழும் முடிகளை அதன்மேல் போடுங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடந்தால் அது உடைந்த முடி. என் துண்டில் கிடந்தவற்றில் பெரும்பகுதி அரை அங்குலத் துண்டுகள். வேரில் வளர்ந்துகொண்டிருந்த அளவுக்கு நுனியில் உடைந்துகொண்டிருந்ததால்தான் ஒன்றரை வருடம் நீளம் மாறாமல் நின்றிருக்கிறது.

ஆப்பிரிக்க வம்சாவளி முடி சராசரியாக மாதத்திற்கு முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வளரும். நம் முடியைவிடச் சற்று மெதுவான வேகம், அவ்வளவுதான். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் தட்டையான நீள்வட்டமாக இருப்பதாலும், ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடமாக இருப்பதாலும், தலையில் சுரக்கும் எண்ணெய் அந்த வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்காததாலும், இந்த முடி எளிதில் உலர்ந்து எளிதில் உடைகிறது. ஆகவே இனி வரும் படிகள் எல்லாமே வளர்ந்த முடியை உடையாமல் காப்பாற்றுவதைப் பற்றியவை.

உச்சி, பிடரி, இரண்டு காதுப் பக்கம் என நான்கு இடங்களில் ஒரு கற்றையை இழுத்து அளந்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் இந்த முடி தன் உண்மையான நீளத்தில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்து வளர்ச்சியைக் கணிக்க முடியாது.

2. உடனே நிறுத்த வேண்டிய நம் வீட்டுப் பழக்கங்கள்

நம் முடிக்குப் பொருந்துகிற பல பழக்கங்கள் இந்த முடிக்குக் கேடு செய்கின்றன. முதலாவது, உலர்ந்த முடியைச் சீவுவது. அதிலும் ஈர்ச்சீப்பைப் போன்ற நெருக்கமான பல் உள்ள சீப்பால் சீவுவது. இரண்டாவது, உலர்ந்த முடியின் மேல் எண்ணெய் மட்டும் வைப்பது. எண்ணெயில் தண்ணீர் இல்லை. ஏற்கெனவே உள்ள ஈரம் போகாமல் அது காக்குமே தவிர, தானாக ஈரம் கொடுக்காது. மூன்றாவது, நெற்றி மேலே இழுபடும்படி இறுக்கிப் பின்னுவது. நான்காவது, சிகைக்காய். எண்ணெய்ப் பிசுக்கை அடியோடு எடுத்துவிடும் அதன் குணம், எண்ணெய்ப் பசையே இல்லாத இந்த முடிக்குத் தேவையில்லாதது. அதன் தூளும் சுருள்களுக்குள் சிக்கிக்கொண்டு அலச அலச வராது.

தேங்காய் எண்ணெயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முடியின் உள்ளே இறங்கக்கூடிய மிகச் சில எண்ணெய்களில் அது ஒன்று. தலை அலசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவினால், அலசும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. அதற்குரிய இடம் அதுதான்.

முடியை நேராக்கும் ரசாயனக் களிம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரிலாக்ஸர் என்ற பெயரில், குழந்தைகளுக்கென்றே தனிப் பெட்டியில், சிரிக்கும் குழந்தைப் படத்தோடு விற்கிறார்கள். அது சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுமையான காரத்தால் முடியின் பிணைப்புகளை உடைத்து வேலை செய்கிறது. தலைத்தோலைப் புண்ணாக்கவும் கூடும். அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022 அக்டோபரில் வெளியிடப்பட்ட அரசு ஆய்வொன்று, முடி நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம் என்றும், பயன்படுத்தாதவர்களில் அது 1.64 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. அந்த ஆய்வு காட்டியது தொடர்பைத்தான், காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் ஒரு குழந்தையின் தலையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வர வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

தொடக்கத்தில் நான் 140 பவுன் வரை செலவழித்து, அதில் முக்கால்வாசியை வீணாக்கினேன். உண்மையில் தேவைப்பட்டவை இவ்வளவுதான்: தண்ணீர் தெளிக்கும் பாட்டில் 2 பவுன், அகலப் பல் சீப்பு 2 பவுன், சல்பேட் இல்லாத ஷாம்பு 7 பவுன், வழுவழுப்பான, பெரிய பாட்டில் கண்டிஷனர் 5 பவுன், கழுவாமல் விட்டுவிடும் வகைக் கண்டிஷனர் 7 பவுன், அரைக் கிலோ ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) 8 பவுன், சாட்டின் தொப்பி 5 பவுன், முடியைப் பிரித்துப் பிடிக்கும் கிளிப்புகள் 2 பவுன். மொத்தம் 38 பவுன். இதில் கண்டிஷனர்தான் வேகமாகத் தீரும். மாதம் ஒரு பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை மூன்று மாதம் வரை வரும்.

பெக்கம், பிரிக்ஸ்டன், டாட்டனம் போன்ற பகுதிகளின் கடைத்தெருக்களில் உள்ள முடிப் பொருள் கடைகளுக்கு நேரில் போங்கள். பெரிய மருந்துக் கடைகளில் இருப்பதைவிடத் தேர்வும் அதிகம், விலையும் குறைவு. ஷியா வெண்ணெயை என் மாமியார் ட்வி மொழியில் ங்குட்டோ என்பார். பதப்படுத்தாதது இளம் மஞ்சளாக, லேசான புகை வாடையோடு இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உடல் சூட்டிலேயே உருகிவிட வேண்டும்.

ஜமைக்கா விளக்கெண்ணெய், சாட் நாட்டுச் செபே தூள் என்று முடியை வளர்ப்பதாகச் சொல்லி விற்கப்படுபவற்றில் பணத்தைப் போடாதீர்கள். விளக்கெண்ணெய் முடியை வேகமாக வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. செபேயைப் பயன்படுத்தும் பசாரா பெண்கள்கூட அதை எண்ணெயோடு குழைத்து, தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் தடவிப் பின்னிவிடுகிறார்கள். அதாவது அவர்களும் முடியை உடையாமல் காக்கிறார்கள்.

4. தலை அலசும் நாள்

வாரத்திற்கு ஒரு முறை, அல்லது பத்து நாளைக்கு ஒரு முறை போதும். முதல் சில மாதங்களில் இதற்கு மூன்று மணி நேரம் ஆகும். பழகிய பின் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஞாயிறு மாலையில் தொடங்காதீர்கள். குழந்தை பசியோடும் தூக்கத்தோடும் இருக்கையில் உங்கள் கை அவசரப்படும்; அவசரப்படும் கைதான் முடியை உடைக்கிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொடங்குகிறோம்.

முடியை நான்கு அல்லது ஆறு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கை நிறையக் கண்டிஷனர் எடுத்துத் தடவுங்கள். இப்போது சிக்கெடுக்க வேண்டும். மாமியார் எனக்குக் காட்டிய விதத்தை அப்படியே சொல்கிறேன். இடது கையால் கற்றையை நடுவில் இறுகப் பிடித்துக்கொள்கிறார்; இழுப்பு வேருக்குப் போகாது. வலது கை விரல்களால் நுனியிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்தை மட்டும் பிரிக்கிறார். அது வழுக்கிக்கொண்டு வந்த பிறகே இடது கையைச் சற்று மேலே நகர்த்துகிறார். முடிச்சு வந்தால் சீப்பை எடுப்பதில்லை; இன்னும் கொஞ்சம் கண்டிஷனரை அதன்மேல் வைத்து, ஊசியில் நூல் கோக்கும் நிதானத்தோடு இழை இழையாகப் பிரிக்கிறார். விரல் தடையில்லாமல் ஓடிய பிறகுதான் அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து மேல்நோக்கித்தான். அன்றைக்குப் பட் பட் என்று முடி அறுபடும் சத்தமே கேட்கவில்லை. அத்தனை நாளும் அந்தச் சத்தத்தைச் சிக்குப் பிரிகிற சத்தம் என்று நான் நினைத்திருந்தேன்.

சிக்கெடுத்த பாகத்தைத் தளர்வாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் முடிந்த பின், முறுக்கை அவிழ்க்காமலே ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்த்து அலசுங்கள். வழிந்து இறங்கும் நுரையே முடிக்குப் போதும். முடி முழுவதையும் உச்சியில் குவித்து, வட்டமாகக் கசக்கித் தேய்த்தால் எடுத்த சிக்கு அத்தனையும் திரும்ப விழும். பிறகு கண்டிஷனர் தடவி, பிளாஸ்டிக் உறை மாட்டி, 20 நிமிடம் விட்டு அலசுங்கள். துடைப்பதற்குப் பூத்துவாலை வேண்டாம். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள்.

லண்டன் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு முடியிலும் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகிறது. மாதம் ஒரு முறை, ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் சேர்ந்த, கடினநீருக்கென விற்கப்படும் ஷாம்புவைப் பயன்படுத்தினால் வித்தியாசம் கையில் தெரியும்.

5. ஈரம் போகாமல் காத்தல்

முடி நனைந்திருக்கும்போதே கழுவாமல் விடும் கண்டிஷனரையும், அதன்மேல் கொட்டைப்பாக்கு அளவு ஷியா வெண்ணெயையும் ஒவ்வொரு பாகத்திலும் தடவுங்கள். நுனியில் சற்று அதிகமாகத் தடவுங்கள், ஏனெனில் நுனிதான் முடியின் மிகப் பழைய பகுதி. வாரத்தின் நடுவில் ஒரு முறை தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கிரீம் வைத்தால் போதும். தலைத்தோலில் ஷியா வெண்ணெயைப் பூசாதீர்கள். பொடுகு இருந்தால் அது மோசமாகும்.

6. பின்னல், வீட்டிலும் கடையிலும்

அவிழ்த்துவிட்ட முடி தன்னோடு தானே சிக்கிக்கொள்ளும். ஆகவே நீளம் வேண்டுமென்றால் பெரும்பாலான நாள்கள் அது பின்னலிலோ முறுக்கிலோ இருக்க வேண்டும். வீட்டில் செய்வதற்கு இரண்டு இழை முறுக்கு எளியது. எட்டு முதல் பன்னிரண்டு முறுக்கு போட்டால் ஒரு வாரம் நிற்கும். கறுப்பு நூலால் கற்றையை வேரிலிருந்து நுனிவரை சுற்றிக் கட்டும் மேற்கு ஆப்பிரிக்க முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். சூட்டுக் கருவி எதுவும் இல்லாமலே முடி நீண்டு கொடுக்கும்.

கடையில் பின்னுவதற்கு முன் சில விவரங்களைக் குறுஞ்செய்தியில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். செயற்கை முடி விலையில் சேர்த்தியா, தலை அலசி உலர்த்துவது சேர்த்தியா, எத்தனை மணி நேரம் ஆகும், முன்பணம் எவ்வளவு, குழந்தைக்கு உடல்நிலை சரியில்லாவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்பவை அவை. 35 பவுன் என்று சொல்லி உட்கார வைத்து, முடி பிரித்ததற்கும் உலர்த்தியதற்கும் தனித்தனியாகச் சேர்த்து 60 பவுன் கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. குழந்தையின் சொந்த முடியில் மட்டும் கார்ன்ரோ, அதாவது தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போடும் பின்னல், பின்ன 25 முதல் 40 பவுன், செயற்கை முடி சேர்த்தால் 50 முதல் 75 பவுன் கொடுத்திருக்கிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஆகஸ்ட் கடைசி வாரத்திற்கும் கிறிஸ்துமஸுக்கும் மூன்று வாரம் முன்பே நேரம் வாங்க வேண்டும். செயற்கை முடியை முதல் நாள் இரவு வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, அலசி உலர்த்திக் கொண்டுபோனால் பின்னிய பிறகு ஏற்படும் அரிப்பு பெருமளவு குறையும்.

இறுக்கத்தைப் பற்றிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். என் மகளுக்கு ஆறு வயதில் ஒரு கடையில் பின்னிவிட்டார்கள். அவள் வலிக்கிறது என்றபோது இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிரவு அவளால் தலையைத் தலையணையில் வைக்க முடியவில்லை. காலையில் நெற்றி ஓரத்தில், ஒவ்வொரு பின்னலின் வேரிலும் கடுகளவு வெள்ளைக் கொப்புளம் இருந்தது. எல்லாவற்றையும் அவிழ்த்தேன், அப்படியும் நெற்றிப் பொட்டுகளில் முடி மெலிந்து, பழைய அடர்த்தி திரும்ப எட்டு மாதம் ஆயிற்று. இப்படி இழுத்துக்கொண்டே இருந்தால் வேர்க்கால் தழும்பாகி, அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே முளைக்காமல் போகலாம். வலித்தால் அது இறுக்கம்தான். கூச்சப்படாமல் அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள். நெற்றி ஓரத்துப் பூமுடியைப் பின்னலில் சேர்க்க வேண்டாம் என்று உட்காரும்போதே சொல்லிவிடுவதும் நல்லது.

குழந்தைகளுக்குக் கார்ன்ரோவை இரண்டு வாரத்திற்கு மேலும், செயற்கை முடிப் பின்னலை ஆறு வாரத்திற்கு மேலும் விடாதீர்கள். கொடுத்த காசை நினைத்து இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்று விட்டால், வேரில் சிக்கு ஏறிக் கயிறாகத் திரித்துக்கொள்ளும். அவிழ்க்கும்போது கோழி முட்டை அளவுக்கு ஒரு முடிப் பந்து கையில் வரும். நான் முதல் முறை அதைப் பார்த்து அழுதுவிட்டேன். அது ஆறு வாரமாக இயல்பாக உதிர்ந்து, கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே தங்கிய முடி. அவிழ்த்ததும் நேராகத் தண்ணீர் விடாமல், முதலில் கண்டிஷனர் வைத்துச் சிக்கெடுங்கள்.

7. இரவு, குளிர்காலம், நீச்சல்

பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி, முடியையும் உராய்கிறது. சாட்டின் தொப்பியோ சாட்டின் உறையோ வேண்டும். தொப்பி இரவில் கழன்றுவிடும் என்பதால் இரண்டும் இருப்பது மேல். குளிர்காலக் கம்பளித் தொப்பியின் உள்ளே சாட்டின் துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் படிப்பில் நீச்சல் கட்டாயம். எந்தப் பருவத்தில், எந்தக் கிழமையில் என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டு, தலை அலசும் நாளை அதே மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குளத்தில் இறங்கும் முன் குழாய்த் தண்ணீரால் முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவினால், குளோரின் நீரை முடி அவ்வளவாக உறிஞ்சாது. சாதாரண நீச்சல் தொப்பிக்குள் இந்த முடி அடங்காது. சோல் கேப் போன்ற அகலத் தொப்பிகள் இதற்கென்றே உள்ளன. 2022 செப்டம்பர் முதல் சர்வதேசப் போட்டிகளிலும் அதற்கு அனுமதி உண்டு என்பதால், பள்ளியில் யாராவது மறுத்தால் அதைச் சொல்லலாம்.

8. பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கடிதம்

மகளின் பின்னல் "சீருடைக்குப் பொருந்தாத அலங்காரம்" என்று ஒரு பள்ளியிலிருந்து எனக்குக் குறிப்பு வந்தது. எனக்கு நேர்ந்ததுபோல் நீங்கள் பதறி அவிழ்த்துவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இதில் உங்களுக்குத் துணையாக உள்ளது. கார்ன்ரோ பின்னிய ஒரு மாணவனைச் சேர்க்க மறுத்தது இனப் பாகுபாடு என்று 2011இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கையான ஆஃப்ரோ (பின்னாமல் தலையைச் சுற்றிப் பரந்து நிற்க விட்ட சுருள்முடி), பின்னல், கார்ன்ரோ முதலியவற்றை விதிவிலக்கே இல்லாமல் தடை செய்யும் பள்ளி விதிகள் சட்டத்திற்கு மாறானவையாக இருக்கக்கூடும் என்று சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள் நான்கு: பள்ளியின் சீருடை விதிகளின் அன்றைய பிரதி, பள்ளி அனுப்பிய குறிப்பு, பின்னலின் புகைப்படம், ஆணையத்தின் வழிகாட்டுதல். இவற்றை இணைத்துத் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முடி உடையாமல் இருக்க இந்தப் பின்னல் தேவை என்பதை இரண்டு வரியில் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்துக்கொண்டால் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது. எனக்கு ஆறு பள்ளி நாள்களில் பதில் வந்தது, குறிப்பும் திரும்பப் பெறப்பட்டது. பதில் வராவிட்டால், பள்ளியின் புகார் நடைமுறைப்படி நிர்வாகக் குழுவுக்கு எழுதலாம்.

9. மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

வட்டமாக முடி கொட்டிய இடம், செதில், உடைந்த முடிகளின் கரும்புள்ளிகள் ஆகியவை தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். தலைத்தோலில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது. வாய்வழி மருந்தைப் பல வாரம் கொடுக்க வேண்டும். வறட்சி என்று நினைத்து எண்ணெய் பூசி நாளைக் கடத்தாதீர்கள். குடும்ப மருத்துவர் எழுதித் தரும் மருந்து இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். நெற்றி ஓரம் மெலிந்துகொண்டே போனால், மாதம் ஒன்றாக ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கும்போது அவை மிகவும் உதவும்.

10. எவ்வளவு நாளில் பலன் தெரியும்

முதல் மாதத்தில் முடி மென்மையாகும், வெள்ளைத் துண்டில் விழும் துண்டுகள் குறையும். நீளத்தில் மாற்றம் தெரிய மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை, முதலில் அளந்த அதே நான்கு இடங்களில் அளங்கள். நுனி பிளந்து, ஒற்றை இழை முடிச்சுகள் கூடியிருந்தால் கூரிய கத்தரிக்கோலால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். நீளம் போய்விடுமே என்று விட்டால் பிளவு மேலே ஏறி இரண்டு சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போகும். எங்கள் கணக்கில் முதல் வருடம் 5 சென்டிமீட்டர், இரண்டாம் வருடம் 7, மூன்றாம் வருடமும் 7. பிடரியில் மட்டும் இன்னும் உச்சியைவிட 6 சென்டிமீட்டர் குறைவு, ஏனெனில் கோட்டுக் காலர் உரசும் இடம் அது. இந்த வருடம் காலரிலும் சாட்டின் தைத்திருக்கிறேன்.